தலை குனிந்து கேட்ட கேள்வி

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. ஏழேகால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கோவில்பட்டியிலிருந்து அய்யன்மேட்டுக்கு நாற்பது நிமிஷம், நின்றுகொண்டு போனால் முழங்கால் அன்றைக்கெல்லாம் வலிக்கும். இருபத்தாறு வருஷ வேலையில் இந்த உயர்நிலைப் பள்ளியில் மட்டும் இது ஒன்பதாவது வருஷம்.

பிரேயர் முடிந்ததும் தலைமையாசிரியர் எபனேசர் சார் கூப்பிட்டார். இந்த வருஷம் நல்லாசிரியர் விருதுக்கு என் பெயரைப் பரிந்துரைக்கப் போகிறாராம். பத்தாம் வகுப்புக் கணக்கில் மூன்று வருஷமாக ஒருவரும் தோற்கவில்லை. அதுதான் காரணம். படிவத்தைக் கையில் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: ‘நல்ல ஆசிரியருக்கு வேண்டிய பண்புகள் எவை? தங்கள் அனுபவத்திலிருந்து அரைப் பக்கத்துக்கு மிகாமல் எழுதுக.’

அரைப் பக்கம்தானே என்று சாயங்காலம் உட்கார்ந்தேன். வாக்கியம் ஓடவில்லை. எண்ணும் குறியுமாக எழுதிப் பழகிய கை. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. தினமும் கொஞ்சம் எழுதினால் பழக்கம் வரும் என்று இதை எடுத்தேன்.

முதல் முயற்சி: நல்ல ஆசிரியர் நேரம் தவறமாட்டார். பொறுமையுள்ளவர். கடமையை முன்கூட்டியே திட்டமிடுவார்.

படித்துப் பார்த்தால் ரயிலில் கொடி காட்டும் கார்டுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. நாளை பார்க்கலாம்.

ஜூன் 14, வெள்ளி

பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் புதிதாக மாட்டியிருக்கும் மின்விசிறி ஒரே இரைச்சல். போதாததற்கு, இந்த வருஷத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள். ‘சத்தமாச் சொல்லு’ என்று ஒரு பீரியடில் இருபது தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

பேச்சித்தாய் என்று ஒரு பெண். பேர்தான் பேச்சி, வாயைத் திறந்தால் உதடு அசைவதோடு சரி. ஆனால் அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியிலிருந்து வரையும் தொடுகோடுகள் சமம் என்பதை, புத்தகத்தில் இல்லாத ஒரு வழியில் நிரூபித்திருந்தாள். நான் சொல்லித் தந்த வழியை விடச் சின்னது. இரண்டு முறை சரிபார்த்தேன். இத்தனை வருஷத்தில் இப்படி மூன்று பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டாஃப் ரூமில் ஒரு சங்கடம். தமிழாசிரியை கோமதி ஏதோ சொன்னாள். அவள் எதைச் சொன்னாலும் வேடிக்கையாகத்தான் சொல்வாள், நானும் வழக்கம்போலச் சிரித்துவைத்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததைச் சொன்னாளாம். நான் என்ன கண்டேன்?

ஜூன் 19, புதன்

மதியச் சாப்பாட்டை இனி வகுப்பறையிலேயே முடித்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் எப்போதும் வெட்டிப் பேச்சு. இங்கே இருந்தால் நாலு நோட்டாவது திருத்தலாம்.

ஜூன் 24, திங்கள்

இன்றிலிருந்து ஆ பிரிவில் ஒரு புது முறை. வாயால் பதில் சொல்வது கிடையாது. விடை தெரிந்தவர்கள் எழுந்து வந்து பலகையில் எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் துண்டுத்தாளில் எழுதி என் மேஜையில் வைக்க வேண்டும். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் பெஞ்சு ரோசி மட்டும் வேகமாகத் தலையாட்டினாள், மற்றவர்களும் ஆட்டினார்கள்.

நன்றாகவே நடந்தது. ஒரு வார்த்தை கேட்டறியாத பின் பெஞ்சுக்காரர்கள்கூட எழுதிக் கொண்டுவந்தார்கள். மொத்தம் பதினேழு சந்தேகம். இதை ஏன் முன்பே செய்யவில்லை?

ஜூன் 30, ஞாயிறு

ஓசூரிலிருந்து சுகந்தி பேசினாள். போன் சரியில்லை, மகள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது. ‘சிக்னல் இல்ல, வாட்ஸ்அப்ல எழுதும்மா’ என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதி அனுப்பினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். அவள் எழுதியது: ‘அம்மா, தீபாவளிக்கே சொன்னேன்ல, டாக்டர்ட்ட போனியா?’

பதில் போடவில்லை. எதற்கு டாக்டர்?

மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்து டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். அவளுக்கு ரத்தக்கொதிப்பு. எல்லாமே சத்தமாகத்தான் தெரியும்.

ஜூலை 4, வியாழன்

குக்கர் விசில் அடிப்பதை நிறுத்திவிட்டது. புது கேஸ்கட் வாங்கிப் போட்டேன். பருப்பு மறுபடியும் அடிப்பிடித்துவிட்டது. இனிமேல் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அடுப்பை அணைக்க வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

கல்வி அலுவலர் திடீர் ஆய்வுக்கு வந்தார். ஆ பிரிவு வாசலில் அவர் நின்றதை நான் கவனிக்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் எபனேசர் சாரோடு நிற்கிறார். வகுப்பில் பிள்ளைகள் வரிசையாக வந்து பலகையில் எழுதிப் போய்க்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். துண்டுத்தாள்களைப் புரட்டினார். பிறகு என்னிடம் ஏதோ கேட்டார். நான் புன்னகைத்தேன். நல்லவேளை, எபனேசர் சார் முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

போகும்போது பார்வையாளர் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: ‘மௌன வகுப்பு என்ற இப்புதிய முறை பிற பள்ளிகளிலும் பின்பற்றத்தக்கது.’ எபனேசர் சாருக்கு ஒரே சந்தோஷம். விருதுப் படிவத்தில் ‘புதுமையான கற்பித்தல் முறை’ என்ற இடத்தை அவரே நிரப்பிவிட்டார்.

எனக்கும் சந்தோஷம்தான். 

அந்த அரைப் பக்கம் அப்படியே கிடக்கிறது. ‘நல்ல ஆசிரியர் மாணவர்களின் மனத்தைப் புரிந்துகொள்வார்’ என்று எழுதி அடித்துவிட்டேன். எல்லோரும் எழுதுவது.

ஜூலை 12, வெள்ளி

கடைசி மணி அடித்து எல்லோரும் முண்டியடித்து வெளியேறும்போது பேச்சித்தாய் மட்டும் மேஜை அருகே வந்து நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். வெளியே சைக்கிள் எடுக்கிற இடத்தில் களேபரம். ஆடி பிறக்கப் போகிறது, குலதெய்வக் கோயில் கொடை விழாவுக்கு ஆளுக்கொரு திசையில் கிளம்புவார்கள். ஊருக்குப் போக லீவு கேட்கிறாள் என்று நினைத்தேன்.

‘சரிம்மா, போயிட்டு வா’ என்றேன்.

உடனே போகவில்லை. சற்று நின்றுவிட்டு, சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள். பரீட்சைக்கு முன் தொடுகிற பிள்ளைகள் உண்டு, ஜூலையில் எதற்கு? நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. மைதானத்துப் புழுதி அப்படி.

நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

கல்வி வளர்ச்சி நாள் விழா. பேச்சுப் போட்டிக்கு மூன்று நடுவர்களில் நான் ஒருத்தி. மறுத்தேன், எபனேசர் சார் விடவில்லை. ஒன்பது பேர் பேசினார்கள். நிற்கிற தோரணை, கை வீச்சு, முகபாவம் இவற்றைப் பார்த்து மதிப்பெண் போட்டேன்.

நான் அதிகம் போட்ட பையன் முதல் பரிசு வாங்கிவிட்டான். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவன் இரண்டாவது நிமிஷத்திலேயே மறந்துபோய், ஒரே வரியை நாலு தடவை திருப்பித் திருப்பிச் சொன்னானாம். கோமதி ஒரு மாதமாகப் பழக்கிய பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கோமதி என் முன்னால் வந்து நின்று கேட்டாள். அவள் கோபமாக இருந்தது முகத்தில் தெரிந்தது. “எனக்குன்னு ஒரு அளவு இருக்கு. அதன்படி போட்டேன்” என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

இனி அவளும் என்னோடு பேசமாட்டாள்.

பேச்சித்தாய் வரவில்லை.

ஜூலை 18, வியாழன்

பேச்சித்தாய் இன்றும் வரவில்லை. கொடை முடிந்திருக்குமே. காய்ச்சலாக இருக்கலாம்.

அம்மாவின் ஞாபகமாகவே இருக்கிறது. கடைசிப் பத்து வருஷம் அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. விசேஷ வீடுகளில் ஒரு நாற்காலியில் உட்கார்த்திவைத்துவிட்டு எல்லோரும் அவரவர் பேச்சைப் பார்ப்போம். ஒன்று கேட்டால் ஒன்று பதில் சொல்வாள். பிள்ளைகள் வேண்டுமென்றே வாயை மட்டும் அசைத்து அவளை ஏய்ப்பார்கள். ஒரு தடவை நானும் அப்படிச் செய்து சிரித்திருக்கிறேன். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். எதற்கென்று தெரியாமலேயே சிரித்தாள்.

ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நாளைக்கு இட்லி மாவு அரைக்க வேண்டும்.

ஜூலை 22, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது, ஆறு நாளாக வராத பேச்சித்தாய் பற்றி ரோசியிடம் கேட்டேன். இருவரும் ஒரே தெரு. ரோசி எழுந்து நின்று என்னையே பார்த்தாள். பிறகு துண்டுத்தாள் எடுத்து எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

‘அவ நூல் மில்லுக்குப் போயிட்டா டீச்சர். திண்டுக்கல் தாண்டி. அங்கயே ஹாஸ்டல். ஒங்ககிட்ட கேட்டுட்டுத்தான போனா? நீங்க போயிட்டு வான்னு சொன்னீங்களாமே.’

அந்தத் தாளை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அந்த பீரியடில் என்ன பாடம் நடத்தினேன் என்பதும் நினைவில்லை.

பள்ளி விட்டதும் ரோசியைக் கூட்டிக்கொண்டு பேச்சித்தாய் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, ஓட்டு வீடு. பேச்சித்தாயின் அப்பா சுடலைமுத்து கட்டிலில் படுத்திருந்தார். கொத்தனார். மே மாதம் சாரத்திலிருந்து விழுந்து முதுகு போய்விட்டது. கீழே இரண்டு சின்னப் பிள்ளைகள். அம்மா மாடத்தி அப்போதுதான் களை வெட்டிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பாயை விரித்தாள். பேசத் தொடங்கினாள். உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் வெற்றிலை மென்றுகொண்டிருந்ததால் ஒன்றும் பிடிபடவில்லை. வழக்கம்போலத் தலையாட்ட இருந்தேன்.

ஆட்டவில்லை.

“எனக்குக் காது கேக்காது, மாடத்தி. சத்தமாச் சொல்லு” என்றேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சுகந்தியிடம் சொன்னதில்லை. இந்த டைரியிலும் எழுதவில்லை.

மாடத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, என் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“நானா அனுப்பல டீச்சர். அவதான் போறேன் போறேன்னு நின்னா. அப்பா படுத்திருக்காரு, நீ ஒத்தையில எம்புட்டு நாளைக்கு இழுப்பன்னு கேட்டா. எனக்கு மனசில்ல. சரி, ஒன் கணக்கு டீச்சர்கிட்ட கேளு, அவங்க சரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன்னேன். அவங்க எப்பிடியும் விடமாட்டாங்கங்கற தைரியத்துலதான் சொன்னேன். அன்னிக்கே வந்து, டீச்சர் போயிட்டு வான்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லுதா. என்னால நம்பவே முடியல.”

ரோசிதான் கையைப் பிடித்து பஸ் ஸ்டாப் வரை கூட்டிவந்தாள்.

ஜூலை 23, செவ்வாய்

பள்ளிக்குப் போகவில்லை. விடுப்புக் கடிதத்தில் தலைவலி என்று எழுதி அனுப்பினேன்.

ஜூலை 24, புதன்

மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கோமதி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்துகொண்டாள்.

“கோமதி, எனக்குக் காது கேக்கல. ரெண்டு வருஷமாவே கொறஞ்சுக்கிட்டு வந்துச்சு. இந்த வருஷம் அநேகமா ஒண்ணுமே இல்ல. ஒங்க மாமியார் விழுந்ததைச் சொன்னப்போ நான் சிரிச்சது அதனாலதான். போட்டியில மார்க் போட்டதும் அப்படித்தான்.”

இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையை விட எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

கோமதி டப்பாவை மூடினாள். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டாள். நான் பார்க்கும்படி நிதானமாகச் சொன்னாள்: “விருதுக்குப் பேர் போனதுல இருந்து தலக்கனம் ஏறிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன் டீச்சர். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

பேச்சித்தாய் விஷயத்தைச் சொன்னேன். மில்லுக்குப் போன் செய்து விசாரிக்க வேண்டும், என்னால் போனில் பேச முடியாது, நீங்கள் பேசித் தருவீர்களா என்று கேட்டேன். மாடத்தி தந்திருந்த எண்ணில் கோமதி பேசினாள். ஆறு மாதத்துக்கு யாரையும் வீட்டுக்கு விடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பார்க்கலாம் என்றார்களாம்.

“ஞாயிறு வரைக்கும் எதுக்கு? சனிக்கிழமையே போவோம்” என்றாள் கோமதி.

ஜூலை 25, வியாழன்

எபனேசர் சாரிடம் எனக்குக் காது கேட்காததைச் சொல்லிவிட்டு இரண்டு விஷயம் கேட்டேன். பேச்சித்தாயின் பிறந்த தேதி உள்ள சேர்க்கைப் பதிவேட்டு நகல், அவர் கையெழுத்தும் முத்திரையும் வைத்து. அதை உடனே கொடுத்தார். இரண்டாவது, விருதுக்கு அனுப்பும் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட வேண்டும்.

“காதுக்கும் விருதுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?” என்று தாளில் எழுதிக் காட்டினார்.

“மௌன வகுப்பு புது முறை இல்ல சார். பிள்ளைங்க பேசுறது கேக்கலங்கறத மறைக்கறதுக்காகச் செஞ்சது.”

அவர் மறுபடியும் தாளில் எழுதினார்: ‘ஆனா வகுப்பு நல்லாத்தான நடந்துச்சு?’

நன்றாகத்தான் நடந்தது. கணக்கு நன்றாக நடந்தது. கணக்கைத் தவிர ஒரு பிள்ளைக்குச் சொல்ல வேறு ஏதாவது இருந்தால், அதற்கு அந்த வகுப்பில் இடம் இல்லாமல் செய்துவிட்டேன். அதை அவரிடம் சொல்லத் தெரியவில்லை. படிவத்தைக் கேட்டு வாங்கிக் கிழித்தேன். அவர் தடுக்கவில்லை.

ஜூலை 27, சனி

காலை ஐந்தரை பஸ். நானும் கோமதியும் மாடத்தியும். மதுரையில் ஒரு பஸ், திண்டுக்கல்லில் ஒரு பஸ் மாறி, மில் வாசலில் இறங்கும்போது மணி பதினொன்று. பெரிய இரும்புக் கதவு. காவலாளி விடவில்லை. கோமதி சேர்க்கைப் பதிவேட்டு நகலை நீட்டி, “இந்தப் பிள்ளைக்குப் பதினஞ்சு வயசு. ஒங்க ரிஜிஸ்டர்ல எத்தன வயசு போட்டிருக்கீங்கன்னு உள்ள கேட்டுட்டு வாங்க. இல்லன்னா கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுக்கறோம்” என்று சொன்னாளாம். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

பார்வையாளர் அறை இயந்திரக்கூடத்தை ஒட்டினாற்போல இருந்தது. சுவரே அதிர்ந்தது, கையை வைத்தபோது தெரிந்தது. அந்த இரைச்சலில் கோமதிக்கும் மாடத்திக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் ஒருவர் வாயை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் நாங்கள் மூன்று பேரும் சமம்.

பேச்சித்தாய் வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. பதினைந்து நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தாள்.

நான் அவளிடம் சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். “பேச்சி, நீ அன்னிக்குக் கேட்டது எனக்குக் காதுல விழல. எனக்குக் காது கேக்காது. கேக்காமத்தான் போயிட்டு வான்னு சொன்னேன். தப்பு என்னுது.”

அவள் நிமிர்ந்தாள். அழுதுகொண்டே, நான் படிக்கும்படி உதட்டை நன்றாகத் திறந்து சொன்னாள்.

“தெரியும் டீச்சர்.”

“என்ன தெரியும்?”

“ஒங்களுக்குக் காது கேக்காதுன்னு. வகுப்புல எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் தெறந்த வாரமே ரோசி கண்டுபிடிச்சிட்டா. வெளிய தெரிஞ்சா ஒங்கள மாத்திருவாங்கன்னு, யாரும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிக்கிட்டோம்.”

எழுந்து வந்து பலகையில் எழுதிய பிள்ளைகள், துண்டுத்தாளோடு வந்தவர்கள், தலையாட்டிய ரோசி. நான் மறைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவர்கள்தான் என்னை மறைத்துவைத்திருந்தார்கள்.

“தெரிஞ்சும் ஏன் தலையக் குனிஞ்சுகிட்டுக் கேட்ட?”

“ஒங்களுக்குப் புரிஞ்சா விடமாட்டீங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் அம்மா அனுப்பும். அதான் வாயப் பாக்க முடியாத மாதிரி குனிஞ்சுகிட்டுக் கேட்டேன்.” பிறகு சொன்னாள்: “அப்பிடிக் கேட்டும் புரிஞ்சிருச்சோன்னு கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன் டீச்சர்.”

மாடத்தி என் தோளை உலுக்கி, என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். அவளுக்கு இந்த இரைச்சலில் எதுவும் விழவில்லை. பிறகு சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன்.

“இப்ப என் மூஞ்சியப் பாத்துக் கேளு, பேச்சி.”

அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள். நான் காத்திருந்தேன். மேற்பார்வையாளர் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்று கடிகாரத்தைக் காட்டினாள். கோமதி அவளிடம் போய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து பேச்சித்தாய் முகத்தை நிமிர்த்தினாள்.

“டீச்சர், நான் இங்கயே வேல பாக்கட்டுமா?”

“கூடாது.”

“அப்ப அம்மாவ யாரு பாப்பா? தம்பி தங்கச்சிய?”

“தெரியாது. ஆனா அது நீ போட வேண்டிய கணக்கு இல்ல. நாங்க பெரியவங்க போட வேண்டியது. நாங்க போடாததுனாலதான் நீ போட்டிருக்க.”

அவள் என் மேல் சாய்ந்து அழுதாள். அழுகைச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. உடம்பு குலுங்குவது தெரிந்தது.

மூன்று வருஷத்துக்குச் சம்மதித்து வந்தவள், இப்படிப் பாதியில் அனுப்ப முடியாது என்று மேலாளர் முதலில் சொன்னார். கோமதி வயதைப் பற்றி மறுபடியும் கேட்டாள். அதற்குப் பிறகு அவர் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாடத்திக்கு மூன்று பேர் சீட்டில் பேச்சித்தாயின் தலையை மடியில் வைத்துக்கொள்ள இடம் கிடைத்தது. மதுரை வரைக்கும் தலைமுடியிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டே வந்தாள்.

ஜூலை 30, செவ்வாய்

சுடலைமுத்து நல வாரியத்தில் பதிந்த கட்டடத் தொழிலாளிதான். விபத்து உதவிக்கு யாரும் மனுப் போடவில்லை. எபனேசர் சார் தானே உட்கார்ந்து மனு எழுதி, மாடத்தியைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம். பேச்சித்தாய்க்கு அரசு மாணவியர் விடுதியில் இடம் கேட்டிருக்கிறோம். அது கிடைத்துவிடும் போலிருக்கிறது. ஒரு வாய் குறையும், அவ்வளவுதான். மாடத்தி விடியற்காலையில் இன்னும் களை வெட்டப் போகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது.

சுகந்திக்கு இன்று நீளமாக எழுதி அனுப்பினேன். எல்லாவற்றையும் எழுதினேன். சனிக்கிழமை வருகிறேன் என்று ஒரே வரியில் பதில் போட்டாள்.

ஆகஸ்ட் 3, சனி

சுகந்தியோடு திருநெல்வேலிக்குப் போய்க் காதைக் காட்டினேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன், இன்னும் தொடங்கவில்லை என்று. வெளியே பார்த்தால் சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைக்கிறாள். அப்போதுதான் தெரிந்தது, எப்போதோ தொடங்கிவிட்டது.

கருவி மாட்டினால் ஓரளவு கேட்கும், முழுதும் திரும்பாது என்றார் டாக்டர். அளவு எடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் அல்வா வாங்கினோம். ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டில் இரண்டு தட்டு கழுவினேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இரண்டு காதிலும் கருவியோடு முதல் நாள். பஸ்ஸின் சத்தம் தாங்கவில்லை. சில்லறை விழுவது, யாரோ முறுக்குப் பொட்டலம் பிரிப்பது, எல்லாம் ஒரே அளவில் தலைக்குள் வந்து விழுகிறது.

ஆ பிரிவில் நுழைந்ததும் எல்லோரும் என் காதைத்தான் பார்த்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் கேட்காமல் இருந்தது, மறைத்தது, அவர்கள் எனக்காகச் செய்தது. “எனக்காக நீங்க ரகசியம் காத்தீங்க. அது பெரிய மனசு. ஆனா இனி வேண்டாம். எனக்குக் கேக்கலன்னா கேக்கலன்னு நானே சொல்லுவேன். திருப்பிக் கேப்பேன். பத்து தடவை கேட்டாலும் நீங்க சலிக்காம சொல்லணும்” என்றேன். துண்டுத்தாள் முறை இருக்கட்டும் என்று அவர்களே சொன்னார்கள், வாயால் கேட்க வெட்கப்படுகிறவர்களுக்காக. சரி என்றேன்.

பிறகு பாடத்தைத் தொடங்கினேன். இருபடிச் சமன்பாடு. இரண்டு வரி போவதற்குள் பேச்சித்தாய் எழுந்தாள். இப்போது மூன்றாவது பெஞ்சில் ரோசி பக்கத்தில் உட்காருகிறாள். ஏதோ சொன்னாள்.

“கேக்கல. திருப்பிச் சொல்லு.”

அவள் சொல்லத் தயங்கினாள். பக்கத்தில் ரோசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேச்சித்தாய் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு சொன்னாள்:

“ரொம்பச் சத்தமாப் பேசுறீங்க டீச்சர். காது வலிக்குது.”

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. கேட்காமல் பேசுகிறவர்கள் கத்தித்தான் பேசுவார்கள், அம்மாவும் அப்படித்தான். இத்தனை நாளும் இந்தப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே கத்திக்கொண்டிருந்திருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை.

நான் குரலைத் தாழ்த்தினேன். எவ்வளவு தாழ்த்துவது என்று தெரியாமல் அதிகமாகவே தாழ்த்திவிட்டேன் போலிருக்கிறது. சமன்பாட்டை முதலிலிருந்து சொன்னபோது, கடைசி பெஞ்சு வரைக்கும் எல்லோரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டார்கள்.